மச்சானின் வலது தோள் நீங்கலாக அனைவரும் நலம்

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்கா அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் உடன்பிறந்த தம்பி, தங்கள் வீட்டுக்காரரால் தரைடிக்கெட் என்று அழைக்கப்படுபவன், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மச்சானும், மச்சானின் வலது தோள் நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் மகளும் மருமகனும், பிறந்ததிலிருந்து வீட்டில் யாரையும் தூங்கவிடாத பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். "தாங்கள்" என்று எழுதி எழுதிக் கை கடுக்கிறது. அதனால் இனிமேல் "நீ" என்றே எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போன கொஞ்ச காலத்தில் மரியாதைப் பாடம் வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வீடியோவில் பேசும்போது, "ஏங்க, கையில மோதிரத்தைக் காணோமே" என்று நீ கேட்டாய். மச்சான் உடனே சிக்னல் போய்விட்டது என்று சொல்லிப் போனை அணைத்தார். சிக்னல் எங்கேயும் போகவில்லை, மச்சானின் முகத்தில் இருந்த ரத்தம்தான் போயிற்று. மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல் என்றாய். தனியாக என்று நீ நினைத்துக்கொண்டாய். மச்சான் போனின் மறுபக்கத்தில் தன் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார், நான் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் எழுத்தில் இறங்கியிருக்கிறேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் என் கையெழுத்தைப் படிக்க முடியாது. கண்ணாடி என் சட்டைப்பையில் இருக்கிறது.

மோதிரம் பத்திரமாக இருக்கிறது. மச்சானின் விரலில் இருக்கிறது. விரல் கையில் இருக்கிறது, கை தோளில் தொங்குகிறது. நீ பார்த்தது அந்தக் கை இல்லை அக்கா. அது என் கை.

பயப்படாதே, உட்கார்ந்து படி. மச்சானின் வலது தோளுக்குள்ளே ஒரு தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் இருந்தால், சொன்ன பயிற்சியைச் செய்தால், தேறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தூக்கினால் பாதி முழுசாகிவிடும், அப்புறம் அறுத்துத் தைக்க வேண்டும், இந்த வயதில் தைத்தாலும் நூல் நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே மச்சானின் கையைக் கீழேயே வைத்திருப்பது ஒன்றுதான் இப்போது எனக்கு இருக்கிற உத்தியோகம். அதை நான் திறம்படச் செய்துகொண்டிருக்கிறேன். நீ கிளம்பி வராதே. பிள்ளைபெற்ற மகளுக்கு இந்த நேரத்தில் நீதான் வேண்டும். இதை நன்றாக அடிக்கோடிட்டு வைத்துக்கொள்: வராதே.

அந்தக் கை விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவை பேசி முடிக்கும்போதும் மச்சான் கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பேத்திக்கு டாட்டா காட்டுவார் இல்லையா? அவருக்கு இப்போது கை காது வரைக்கும்கூட வராது. காட்டாவிட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தார். யோசனை என்னுடையதுதான், மறுக்கவில்லை. அவருடைய வலது கையைச் சட்டைக்குள்ளே வயிற்றோடு மடக்கி வைத்து, நான் பின்னால் குனிந்து நின்று என் கையை அவருடைய சட்டைக் கைக்குள் நுழைத்துக்கொண்டேன். ஒத்திகைகூட பார்த்தோம். டாட்டா அமோகமாக வந்தது. நடுவில் அவருக்கு மூக்கு அரித்தது, நானும் நல்லெண்ணத்தில் சொறிந்துவிடப் போனேன், எனக்கு முன்பக்கம் தெரியாததால் கண்ணில் குத்திவிட்டேன். "கண்ணு ஏங்க கலங்குது" என்று நீ கேட்டதற்கு, பேத்தியைப் பார்த்த பாசம் என்று அவர் சொன்னார். நீயும் அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் மூக்கைச் சிந்தினாய். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் மோதிரம் கண்ணில் பட்டது, அதாவது படவில்லை. கல்யாணமே ஆகாதவன் விரலில் மோதிரத்துக்கு எங்கே போவது?

இனி இது எப்படி ஆரம்பித்தது என்று கேள். நீ ஊருக்குப் போன பிறகு கொஞ்ச நாளிலேயே மச்சான் சட்டை போட்டுக்கொள்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். பொண்டாட்டி ஊரில் இல்லாததால் மனிதர் கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்க்கிறார் என்று நான் கேலி பண்ணினேன். முதுகு அரித்தால் கதவு நிலையில் போய்த் தேய்த்துக்கொண்டார். மேல் தட்டில் இருக்கிற டப்பா வேண்டும் என்றால் வலது கையை இடது கையால் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்த் தட்டில் வைத்தார். என்ன மச்சான் என்றால் வாயுப் பிடிப்பு என்றார். தைலத்தைக் குடம் குடமாகத் தேய்த்தார். நாங்கள் வேலைக்குப் போகிற வீட்டில் பெயிண்ட் வாசனையை மீறித் தைல வாசனை அடித்தது.

அந்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பட்டப்பகலில் டார்ச் லைட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து மேடுபள்ளம் பார்ப்பார், அதனால் அவருக்கு நாங்கள் டார்ச் என்று பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாததா, கதவு நிலைக்கு மேலே எல்லாம் மச்சான், நிலைக்குக் கீழே எல்லாம் நான். எனக்கு முக்காலி மேல் ஏறினாலே பூமி சுற்றும். அந்தக் காரணத்தால்தான் எனக்குத் தரைடிக்கெட் என்று பெயர் வந்தது. மச்சானோ ஏணி உச்சியில் நின்று, கழுத்தை அண்ணாந்து, சீலிங்கும் சுவரும் சேருகிற மூலையில் பிரஷ்ஷைப் பிடித்து ஒரே மூச்சில் கோடு இழுத்தால், நூல் பிடித்த மாதிரி இருக்கும். அந்த மனிதர் டார்ச் வீட்டில் இடது கையால் கோடு இழுத்தார் அக்கா. டார்ச் தன் வெளிச்சத்தைக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்தினார். பிறகு, "இது புது மாடலா?" என்று கேட்டார். கடல் அலை மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. ஆமாம் சார், இப்போது பெரிய வீடுகளில் எல்லாம் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று நான் சொல்லிவைத்தேன். அவருக்கு அது பிடித்துப்போய் அடுத்த அறைக்கும் அதையே போடச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன். டாக்டரிடம் போனால் கிழவன் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்றார். கெஞ்சினேன், உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் எனக்குத்தான் தோள்பட்டை வலி, உயிர் போகிறது, துணைக்கு வாருங்கள் மச்சான் என்று முனகினேன். பதறிப்போய் எனக்குச் செருப்பு எடுத்துவைத்துக் கூட்டிக்கொண்டு போனார், பாவம்.

எலும்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன செய்கிறது என்று கேட்டார். தோள் வலிக்கிறது என்றேன். எப்படி வலிக்கிறது என்றார். எனக்கு என்ன தெரியும், சும்மா வலிக்கிறது என்றேன். எந்த அசைவில் வலிக்கிறது என்றார். நான் முழித்தேன். மச்சானால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"இவனுக்குச் சொல்லத் தெரியாதுங்க டாக்டர். நான் சொல்றேன். அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கவே முடியாது. சட்டைக்குள்ள கையை விடும்போது இந்த எடத்துல சுருக்குன்னு பிடிக்கும். கையை இப்படித் தூக்கினா பாதியிலே நின்னுக்கும், அதுக்கு மேல போகாது. இறக்கும்போது அதைவிட மோசம். டம்ளரைக்கூட மேல் தட்டுல வைக்க முடியாது."

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "உங்களுக்கு இது எவ்வளவு நாளா இருக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருந்தார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். தோள் எலும்பின் உருண்டைத் தலையை நாலு தசைநார் சேர்ந்து குல்லா மாட்டின மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறதாம், கையைத் தூக்குவதும் திருப்புவதும் அதனுடைய தயவால்தானாம், அதில் மேலே இருப்பது மச்சானுக்குப் பாதி கிழிந்திருக்கிறதாம். எங்கேயும் விழவில்லையே, அடிபடவில்லையே என்று மச்சான் வாதாடினார். அதற்கு டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விழுந்து அடிபட்டாத்தான் கிழியணும்னு இல்லைங்க. வயசானா தலை நரைக்குது பாருங்க, அந்த மாதிரி இதுவும் உள்ளுக்குள்ள நலிஞ்சு போகும். ரத்த ஓட்டம் குறைஞ்சுடும். நிறைய பேருக்குக் கிழிஞ்சே இருக்கும், வலி இருக்காது, தெரியாமலே நடமாடிக்கிட்டு இருப்பாங்க. நீங்க வேற காலம் பூரா கையைத் தலைக்கு மேலே வெச்சே வேலை பார்த்திருக்கீங்க."

மச்சான் தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். தலைக்கு மாதம் தவறாமல் சாயம் போடுகிற ஆள் இல்லையா? உள்ளே போய் ஒரு டை அடித்துவிட முடியாதா டாக்டர் என்று நான் கேட்டேன். டாக்டர் சிரித்தார், மச்சான் சிரிக்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் எனக்கே சிரிப்பு நின்றுவிட்டது. தெரியாமலே நடமாடிக்கொண்டிருப்பவர்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது என்னையும் ஒரு பார்வை பார்த்த மாதிரி இருந்தது. ரோட்டோரமாக நடந்தபடியே வலது கையைத் தூக்கிப் பார்த்தேன், இடது கையைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு பஸ் வந்து நின்றுவிட்டது. ஏறுவதா இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். மச்சான்தான், "அவன் சும்மா சரி பார்த்துக்கிட்டு இருக்கான், நீங்க போங்க" என்று அனுப்பி வைத்தார்.

இதற்குள் முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கடைசியாக எந்த வேலை செய்யும்போது வலி அதிகமானது என்று டாக்டர் கேட்டிருந்தார். சீலிங் என்று மச்சான் முணுமுணுத்தார். யார் வீட்டுச் சீலிங் என்று நான் குறுக்கே கேட்டேன். நமக்குத் தெரியாமல் எந்த வேலையை ஒப்புக்கொண்டார் என்று எனக்குக் கோபம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம வீட்டு" என்றார்.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் சாவியை வாங்கி உன் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். நீ போனதிலிருந்து அந்த அறைக்கு மச்சான் பூட்டுப் போட்டு வைத்திருந்தார், உன் பிரிவைத் தாங்காமல் என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே ஏணி, ரோலர், தரை பூராவும் பழைய துணி. அண்ணாந்து பார்த்தால், உன்னுடைய ஒட்டகத்துக்குப் பின்பாதியைக் காணவில்லை.

உனக்கு அந்த ஒட்டகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, படுத்தால் உன் கண்ணுக்கு நேரே அதுதானே. முதல் மழைக்குத் தண்ணீர் இறங்கிச் சீலிங்கில் கறை விழுந்தபோது வாத்து மாதிரிதான் இருந்தது. அடுத்த மழைக்கு முதுகில் திமில் முளைத்தது, அப்புறம் கால் வந்தது, கழுத்து நீண்டது, நீயே பார்த்து ஒட்டகம் என்று பெயர் வைத்துவிட்டாய். மொட்டைமாடி விரிசலை அடைத்த பிறகு அது வளர்வதை நிறுத்தியது, ஆனால் வீட்டைக் காலி பண்ணவில்லை. "ஊர்ல இருக்கிற சீலிங்கை எல்லாம் வெளுத்துத் தர்ற மனுஷன், எனக்கு மட்டும் ஒட்டகத்தைக் காவல் வெச்சிருக்கார்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? அவரும் நாளைக்கு நாளைக்கு என்றே காலத்தை ஓட்டிவிட்டார். நீ திரும்பி வந்து படுத்து அண்ணாந்து பார்க்கும்போது ஒட்டகம் இருக்கக்கூடாது என்று, டார்ச் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து தினமும் தனியாக ஏணியில் ஏறியிருக்கிறார். ஏற்கெனவே நைந்திருந்த தோள், ஒட்டகத்தின் வயிற்றுப் பக்கம் வந்தபோது கிழிந்திருக்கிறது.

அவரைத் திட்ட வந்தவன் தரையில் கிடந்த பழைய துணியை மடிக்க ஆரம்பித்தேன். "ஏன் மச்சான் அக்காகிட்ட மறைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா அடுத்த வண்டியைப் பிடிச்சு வந்துடுவா மாப்ளே. அங்க பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு மக முழிப்பா. அதுவும் போக, நான் கேட்டதாலதானே உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு சொல்லியே மிச்சக் காலத்தை ஓட்டுவா. இன்னும் கழுத்தும் தலையும்தான் பாக்கி. முடிச்சுட்டேன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

அந்தக் கழுத்தையும் தலையையும்தான் அக்கா நான் அன்றிலிருந்து காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். அறைச் சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். டார்ச் வீட்டு நீலம் ஒட்டியிருந்த ரோலரை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன், சமைக்கும்போது மறந்துபோய் அளந்து போட்டதில் அன்றைக்குச் சோறு கொஞ்சம் வெளிர்நீலமாக வந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிசியோ பயிற்சிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு தடியான ஆள், பார்க்கப் பயில்வான், பேச்சு பஞ்சு மாதிரி. குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு ஆட்டச் சொன்னார். அப்புறம் சுவர் பக்கம் நின்று, வலிக்காத உயரம் வரை விரல்களைச் சிலந்தி மாதிரி மெல்ல மெல்ல மேலே நடக்கவிடச் சொன்னார். கையைச் சுவர் தாங்கிக்கொள்ளுமாம், தோளுக்குப் பாரம் இராதாம், வலி வந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டுமாம். தினமும் செய்யுங்கள், எங்கே சுவர் கிடைத்தாலும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். பெயிண்டரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

டார்ச் வீட்டு நடு அறைச் சுவரை நான் கடைசிப் பூச்சு முடித்து, ஈரம் மின்ன விட்டுவிட்டு, டீ வாங்கிவரப் போயிருந்தேன். மச்சானுக்குப் பயிற்சி நேரம் ஞாபகம் வந்திருக்கிறது. வேலை மட்டும்தானே டாக்டர் வேண்டாம் என்றார், விரல் நடக்கக்கூடாது என்று சொல்லவில்லையே என்று அந்த ஈரச் சுவரிலேயே ஆரம்பித்துவிட்டார். நான் திரும்பி வரும்போது, இடுப்பு உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரை நாலு விரல் ஏறிப்போன தடம், பக்கத்திலேயே இறங்கி வந்த தடம். அதற்குள் டார்ச் வந்துவிட்டார். வெளிச்சத்தைச் சுவரில் அடித்துக் கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே பார்த்தார். "பல்லியா?" என்றார். இவ்வளவு பெரிய பல்லி இருந்தால் நாங்கள் உங்கள் வீட்டுக்கே வந்திருக்க மாட்டோம் சார் என்றேன். மச்சான் நீலம் அப்பிய விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், அந்தக் கை முதுகுக்குப் பின்னாலும் போகாது, வழியில் நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் மச்சான் உள்ளதைச் சொல்லிவிட்டார். தோளில் கிழிசல், வயதானால் வருவது, சீலிங் வேலை இனிமேல் செய்ய முடியாமல் போகலாம், உங்களுக்கு வேண்டாம் என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் டீயைக் குடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். டார்ச் தன் லைட்டை அணைத்துத் தரையில் வைத்தார். அப்போதுதான் கவனித்தேன், அந்த மனிதர் என்றைக்குமே லைட்டை இடது கையில்தான் பிடிப்பார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மச்சானின் தடத்துக்குப் பக்கத்தில் தன் வலது கை விரல்களை வைத்து, மெதுவாக மேலே நடக்கவிட்டார். மச்சான் போன உயரத்தில் பாதிகூடப் போகவில்லை. "நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். இப்போது இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் அந்தச் சுவர் முன்னால் நின்று விரல் ஏற்றுகிறார்கள். நான் மறுநாள் காலையில் வந்து மறுபடியும் அந்தச் சுவரை அடிக்கிறேன். அந்தச் சுவர் இந்த ஜென்மத்தில் முடியாது.

நடுவில் ஒரு விடுமுறை நாள். காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உன் அறைக் கதவைக் கீலோடு கழற்றிச் சாய்த்து வைத்திருந்தது. பூட்டு மட்டும் பத்திரமாகப் பூட்டியபடி இருந்தது. உள்ளே மச்சான் ஏணியின் இரண்டாவது படியில், இடது கையில் பிரஷ். நான் காய்கறியைப் போட்டுவிட்டு ஓடி அவருடைய காலைக் கட்டிக்கொண்டேன்.

"விடு மாப்ளே. இடது கைதானே."

"இடது கையால கோடு போட்டா என்ன ஆகும்னு பார்த்தோம்ல. ஒட்டகம் போய்க் கடல் வந்துடும். இறங்குங்க."

"அவ வந்தா முதல்ல அங்கதான் பார்ப்பா."

"நான் அடிக்கிறேன்."

சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். மச்சானும் நம்பவில்லை, உற்றுப் பார்த்தார். பிறகு இறங்கி, பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார்.

அக்கா, ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒட்டகத்தைத் திட்டினேன், அதற்குப் பெயர் வைத்த உன்னைத் திட்டினேன், உன்னைக் கட்டிக்கொண்ட ஆளையும் திட்டினேன். மச்சான் கட்டிலில் மல்லாந்து படுத்து, வலது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கீழேயிருந்து உத்தரவு போட்டார். கறைக்கு என்று தனியாக ஓர் அடிப்பூச்சு இருக்கிறது, அதை முதலில் வை, காயவிடு, நாளைக்கு மறுபடி ஏறிப் பெயிண்ட் அடி என்றார். மறுபடி ஏறுவதா? சரி சரி வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நேராகப் பெயிண்டையே ஏற்றினேன். வெள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? கழுத்து மறைந்தது, தாடை மறைந்தது. "காதை விட்டுட்டே, காதை விட்டுட்டே" என்று வாயைத் திறந்தபோது அவருடைய வாயில் ஒரு சொட்டு விழுந்தது. வாயை மூடிக்கொண்டு சொல்லுங்கள் மச்சான் என்றேன். அவர் கட்டில் குலுங்கச் சிரித்தார். தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார். நீ போன பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இறங்கி வந்து நானும் பக்கத்தில் விழுந்து படுத்து அண்ணாந்து பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி வெள்ளை. கொஞ்ச நேரம் கழித்து மச்சான், "மாப்ளே, அவ வந்து எறங்கினதும் பெட்டியை வாங்கக் கை நீட்டுவேன்ல, எந்தக் கையை நீட்டறது?" என்று கேட்டார். அதற்குப் பதில் உனக்குத்தான் தெரியும் அக்கா.

ஆகையால் கவலைப்படுவதற்கு இனி ஒன்றும் இல்லை. ஒட்டகம் ஒழிந்தது, ஏணி மடக்கி வைத்தாகிவிட்டது, ஏற வேண்டிய காரணமே இனி இந்த வீட்டில் கிடையாது. கை தன்னால் தேறும். மகளுக்கு உடம்பு தேறுகிற வரைக்கும் நீ அங்கேயே நிம்மதியாக இரு. வரும்போது இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. மோதிரத்தைப் பற்றிக் கேட்காதே. வண்டியை விட்டு இறங்கினதும் அவர் எந்தக் கையை நீட்டினாலும் அதில் சின்னப் பையை மட்டும் கொடு, பெட்டி எனக்கு. வீட்டுக்கு வந்து படுத்தவுடன் மேலே பார்த்து நல்ல சத்தமாக ஆச்சரியப்படு. முடிந்தால் கண்ணையும் துடைத்துக்கொள். முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடு, என் டாட்டா மாதிரி சொதப்பிவிடாதே.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகளையும், பேத்திக்கு அவள் அழாமல் இருக்கிற நேரமாகப் பார்த்து என் முத்தத்தையும் கொடுத்துவிடு. தாத்தாவால் அவளைத் தலைக்கு மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்க முடியாது, ஆனால் மடி அப்படியே இருக்கிறது, மடியில் ஒரு கிழிசலும் இல்லை என்று சொல். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், தூக்க முடிந்த கைகளோடும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி,
நிலைக்கு மேலேயும் அடிக்கத் தெரிந்த தரைடிக்கெட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுப் பிறகு பிரித்து இதை எழுதுகிறேன், ஓரம் கிழிந்திருந்தால் மன்னித்துக்கொள். ஒட்டகம் திரும்பி வந்துவிட்டது. மச்சான் அடித்த பின்பாதி போன இடம் தெரியவில்லை. நான் அடித்த கழுத்தும் தலையும் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு, முன்னைவிட மஞ்சளாக, சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி வந்து நிற்கிறது. அந்த அடிப்பூச்சை அவர் சும்மா சொல்லவில்லை போலிருக்கிறது. மச்சான் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை கோபிக்கவில்லை, நேரே போய் ஏணியைக் கொண்டுவந்து விரித்துவிட்டார். அவர் ஏறுவதற்குள் நான் ஏறி உச்சிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இதை இங்கேயிருந்துதான் எழுதுகிறேன். நான் இறங்கினால் அவர் ஏறுவார், அதனால் இறங்க முடியாது. மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிடு, அடிக்கோடு போட்டதை முதலில் அடி. மகளையும் பேத்தியையும் அள்ளிக்கொண்டு உடனே கிளம்பி வா. அவர் அடங்குவது உன் குரல் ஒன்றுக்குத்தான். என்னால் கீழே பார்க்க முடியவில்லை, பார்த்தால் தலை சுற்றும். ஏணி மட்டும் ஆடாமல் நிற்கிறது. நான் விழுந்துவிடக்கூடாது என்று மச்சான் கீழே நின்று பிடித்துக்கொண்டிருக்கிறார், இடது கையால்.